பழைய முன்பெருக்கியைப் புதுப்பிக்கும்போது



1935-இல் ஒலிக்கத் தொடங்கி 1950-இல் அகில இந்திய வானொலியில் சங்கமித்த டெக்கான் ரேடியோவையும், 1968-இல் பஷீர்பாக் அரண்மனையில் மறைந்த படே குலாம் அலி கானையும் நினைவில் வைத்திருக்கும் இந்த ஹைதராபாத் நகரத்தில், பாட்டனார் வாங்கிவைத்த 78 சுழற்சி அரக்குத் தட்டுகளையும் பிற்பாடு அவற்றுக்குத் துணையாக வந்த வால்வு முன்பெருக்கியையும் எறிய மனம் வராமல் பரணில் காத்துவரும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அந்த யந்திரத்தை மீண்டும் பாட வைக்க முற்படுகிறவர்கள், காலம் கெடுத்ததை மாற்றலாம்; அதை அமைத்தவர்கள் கருதியே வைத்ததை மாற்றலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

காலம் கெடுப்பது பெரும்பாலும் வால்வுகளை அல்ல, கண்டன்சர்களைத்தான். ஒரு வால்வின் பிளேட்டில் இருக்கும் இருநூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தடுத்து, சங்கீதத்தை மட்டும் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு அனுப்ப வேண்டிய காகிதக் கண்டன்சர், மெழுகு உருகி, ஈரம் ஏறிக் கசியத் தொடங்கும்போது, கிரிட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தால் பூஜ்யம் காட்ட வேண்டிய முள் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நகர்ந்து நிற்கும். பாடகர் உச்ச ஸ்தாயிக்குப் போகையில் குரல் கரகரப்பதன் காரணம் பல சமயம் இதுவே. மின்வழங்கியில் உள்ள எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் உலர்ந்தால் விநாடிக்கு நூறு அதிர்வு கொண்ட உறுமல் எழும். கரி ரெசிஸ்டர்கள் மதிப்பு ஏறி இரைச்சலிடும். இவற்றையெல்லாம் கோட்டி குஜராத்தி கல்லியில் கிடைக்கும் புதிய பாகங்களால் தயக்கமின்றி மாற்றலாம். ஆனால் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்களில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், அதை ஒரு ரெசிஸ்டர் வழியே வடியவிட்டு, மீட்டரால் சோதித்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும்.

இனி, மாற்றக்கூடாதது. சுருதி சுத்தத்தின் பெயரால், முகப்பிலுள்ள தட்டு வகைத் தேர்வுக் குமிழையும் அதன் பின்னாலுள்ள சுற்றையும் அறுத்தெறிந்துவிட்டு, 1954-ஆம் ஆண்டளவில் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் ஒலிச்சமன் முறையை மட்டும் வைத்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எல்.பி. தட்டுகளுக்கு அது முற்றிலும் சரி. அம்முறை, பதிவின்போது வேண்டுமென்றே உயர்த்திய மேல் அதிர்வுகளைத் திரும்பக் கேட்கையில், பத்தாயிரம் அதிர்வில் சுமார் 14 டெசிபல் அளவுக்குத் தாழ்த்துகிறது. அப்துல் கரீம் கானோ கே.பி. சுந்தராம்பாளோ பாடிய 1930-களின் தட்டுகளில் அப்படி உயர்த்தும் வழக்கம் நிலைபெற்றிருக்கவில்லை. அவற்றையும் அதே வழியில் செலுத்தினால் கீழ்ஸ்தாயி பருத்து, குரலின் காந்தி முழுதும் மங்கிப்போகும். எஞ்சியிருப்பது வெறும் நிழலே. அந்தக் குமிழை அறுப்பது அந்தத் தட்டுகளையே உடைப்பதற்குச் சமானம் என்று நான் சொல்வேன்.

நியாயமான புதுச்சேர்க்கை ஒன்று உண்டு. ஐந்து லட்சம் ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட வால்வுப் பெருக்கிக்கென்று முன்பெருக்கியின் வெளிவாயிலில் வைத்த 0.05 மைக்ரோஃபாரட் கண்டன்சர், அங்கே ஆறு அதிர்வு வரை இறங்கும். பத்தாயிரம் ஓம் கொண்ட இக்காலத்து டிரான்சிஸ்டர் பெருக்கியோடு இணைத்தாலோ முந்நூறு அதிர்வுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கி, மிருதங்கத்தின் தொப்பி நாதம் காணாமலே போய்விடும். பழைய சுற்றை வெட்டாமல், அதன் கடைசியில் இ.சி.சி. 82 வால்வு ஒன்றைக் கேதோட் ஃபாலோயர் என்னும் தாங்கு நிலையாக அமைத்து, அதன் வெளிவாயிலில் இரண்டு மைக்ரோஃபாரட் வைத்தால் அக்குறை நீங்கும். ஸ்டீரியோவின் இரு பக்கங்களுக்கும் அந்த ஒரே வால்வு போதும். அதன் ஃபிலமென்ட்டுக்கு வேண்டிய 6.3 வோல்ட், 0.3 ஆம்பியரைப் பழைய டிரான்ஸ்பார்மர் சூடேறாமல் தாங்குமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.