கருந்துளையில் ஊற்றிய தேநீர்



கம்போங் ராஜாவின் விடியற்காலைக் குளிர் எப்படிப்பட்டது என்று கேமரன் மலைக்காரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய தேநீரைத் திண்ணையில் வைத்துவிட்டு, தலைத்துணியைக் கட்டி முடிப்பதற்குள் அது ஆறிவிடுகிறது. ஆறிய தேநீர் தானாகச் சூடேறியதை நம்மில் யாராவது கண்டதுண்டா? கொதிக்கும் தேநீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிட்டால், பிறகு அது வேறு, இது வேறு என்று பிரிந்து நிற்குமா? நிற்காது. ஏன் நிற்காது என்ற கேள்வியிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது. இந்தக் கேள்வி நம்மைக் கருந்துளை வரைக்கும் கொண்டு போகும். வழியில் சென்னைத் தரமணியிலும் சற்று நிற்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. தேயிலைச் சரிவில் நால்வர் வரிசையாக நிற்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மேட்டைப் பார்த்து நிற்கலாம், அல்லது பள்ளத்தைப் பார்த்து நிற்கலாம். எத்தனை விதமாக நிற்கலாம்? இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16 விதம். எதிர் மலையிலிருந்து மண்டோர் பார்க்கிறார். பனிமூட்டம். யார் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. இருவர் மேட்டைப் பார்க்கின்றனர், இருவர் பள்ளத்தைப் பார்க்கின்றனர் என்பது மட்டும் தெரிகிறது. அப்படி நிற்பதற்கு 6 விதம் உண்டு. நால்வருமே மேட்டைப் பார்த்து நிற்பதற்கோ ஒரே விதம்தான்.

வெளியே தெரிவது ஒரு நிலை. பனிக்குள்ளே அதற்குப் பொருந்தும் விதங்கள் பல. அந்த விதங்கள் எத்தனை என்பதைக் குறிக்கும் அளவுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் என்ட்ரோபி. விதங்களின் எண்ணிக்கை எழுதி முடியாத அளவு பெரிதாக இருப்பதால், அந்த எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்பதைப் போன்ற ஓர் அளவாக அதைச் சொல்வது வழக்கம். பள்ளிக்கூடக் கணக்கில் இதற்கு மடக்கை என்று பெயர். சூடும் குளிரும் தனித்தனியாக இருக்கும் விதங்கள் குறைவு, கலந்திருக்கும் விதங்கள் ஏராளம். அதனால்தான் தேநீர் ஆறுகிறது, திரும்பச் சூடேறுவதில்லை. உலகின் மொத்த என்ட்ரோபி குறைவதே இல்லை என்பது இயற்பியலின் பெரிய விதிகளில் ஒன்று.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் ஜான் வீலர் என்ற பேராசிரியர் இருந்தார். 1970-களின் தொடக்கத்தில் தம் மாணவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனிடம் அவர் ஒரு வேடிக்கையான சந்தேகத்தைக் கேட்டார். சூடான தேநீரையும் குளிர்ந்த தேநீரையும் ஒன்று சேர்த்து உலகின் என்ட்ரோபியைக் கூட்டுவது ஒரு குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். அந்நேரம் ஒரு கருந்துளை பக்கமாக வந்தால், இரண்டு கோப்பைகளையும் அதில் போட்டுவிடலாமே! குற்றத்தின் தடயமே இல்லாமல் போய்விடும் அல்லவா? கேலிப் பேச்சுப் போலத்தான் தோன்றும். ஆனால் கோப்பைகளோடு என்ட்ரோபியும் மறைந்துவிட்டால், இயற்பியலின் அந்தப் பெரிய விதியே பொய்யாகிவிடும்.

கருந்துளை என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பாரமான நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்ததும் தன் எடையாலேயே உள்ளே இடிந்து விழுகிறது. எந்த எடை வரைக்கும் அது வெண் குறுமீனாகத் தாங்கி நிற்கும் என்பதை 1930-ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் கணக்கிட்டார். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது அவர் கண்ட எல்லை. 1935-இல் பெரியவர் எடிங்டன் அதைச் சபையிலேயே எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. அந்த எல்லைக்கு அப்பால் மேலும் பாரமாக இருப்பவை கடைசியில் கருந்துளை ஆகின்றன. அதன் விளிம்பைத் தாண்டிய எதுவும், ஒளியும்கூட, திரும்ப வருவதில்லை.

இனிப் பெக்கன்ஸ்டைனிடம் வருவோம். மாணவர் யோசித்துப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் திரும்பி வந்தார். தடயம் மறையவில்லை ஐயா, கருந்துளைக்கே என்ட்ரோபி உண்டு, தேநீரை ஊற்றினால் அது கூடத்தான் செய்யும் என்பது அவர் விடை. எங்கே கூடுகிறது? அந்த விளிம்பின் பரப்பளவில். 1972-இல் அவர் இதை வெளியிட்டபோது ஸ்டீபன் ஹாக்கிங் ஏற்கவில்லை. இதில் ஒரு விநோதம் உண்டு. பெக்கன்ஸ்டைனுக்கு அந்த யோசனையைத் தந்ததே ஹாக்கிங் 1971-இல் கண்ட விதிதான்: இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானாலும் மொத்தப் பரப்பு குறையாது என்பது அந்த விதி.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2025 ஜனவரி 14-ஆம் நாள், அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகள் இரண்டு கருந்துளைகள் மோதிய அதிர்வைப் பதிவு செய்தன. ஒவ்வொன்றும் சூரியனைப் போல் 30 மடங்குக்குச் சற்று அதிகமான எடை. மோதுவதற்கு முன் இரண்டின் பரப்பும் சேர்ந்து சுமார் 2,40,000 சதுரக் கிலோமீட்டர். மோதிய பின் சுமார் 4,00,000. நம் மலேசியா முழுவதும் 3,30,000 சதுரக் கிலோமீட்டர். முன்பு நாட்டை விடச் சிறிது, பின்பு நாட்டை விடப் பெரிது. மோதலில் எடையின் ஒரு பகுதி அலையாகக் கரைந்து போயிற்று. ஆனாலும் பரப்பு குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஹாக்கிங் கடைசியில் எப்படி இறங்கி வந்தார்? 1974-இல் அவரே ஒரு கணக்கைச் செய்தார். குவாண்டம் விதிகளைக் கருந்துளையின் விளிம்பில் வைத்துப் பார்த்தால், கருந்துளை முழுக் கறுப்பு இல்லை. மிக மெலிதாக வெப்பத்தை உமிழ்கிறது! சூரியனின் எடையுள்ள கருந்துளையின் வெப்பம், ஒரு டிகிரியைக் கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. எவ்வளவு குறைவாக இருந்தால் என்ன, வெப்பம் உண்டென்றால் என்ட்ரோபியும் உண்டு. அந்தக் கணக்கிலிருந்து சூத்திரமும் கிடைத்தது. விளிம்பின் பரப்பை இயற்கையின் மிகச் சிறிய அளவுகோலால் அளந்து, அதில் நாலில் ஒரு பங்கை எடுத்தால் அதுவே என்ட்ரோபி.

நம் கூடையில் எவ்வளவு கொழுந்து பிடிக்கும் என்பது கூடையின் கொள்ளளவைப் பொறுத்தது. கருந்துளையிலோ கூடைக்குள் இருப்பதன் கணக்கு கூடையின் மேல்பின்னலில் எழுதியிருக்கிறது. நாங்கள் இதை முதன்முதலில் படித்தபோது, அச்சுப்பிழையோ என்றுதான் நினைத்தோம்.

சூரியனின் எடையுள்ள கருந்துளைக்கு இந்தக் கணக்கின்படி வரும் என்ட்ரோபி, ஒன்றுக்குப் பின் 77 சைபர் போட்ட எண். அப்படியானால் நம் மண்டோரின் கேள்வி எழுகிறது: பனிக்குள்ளே இத்தனை விதமாக நிற்பவர்கள் யார்? சூத்திரம் விதங்களின் கணக்கைத்தான் சொல்கிறது; எதனுடைய விதங்கள் என்று சொல்லவில்லை. 1996-இல் ஸ்ட்ரோமிங்கர், வாஃபா என்ற இருவர், இயற்கையின் அடிப்படை நுண்ணிய இழைகள் என்ற கொள்கையைக் கொண்டு, ஒரு தனிவகைக் கருந்துளைக்கு விதங்களை ஒன்றொன்றாக எண்ணி, அதே நாலில் ஒரு பங்கை வரவழைத்துக் காட்டினர். அது ஒரு வழி. இன்னொரு வழியில் சென்னைக்குப் பங்கு உண்டு.

சென்னையில் கணித அறிவியல் நிலையம் 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணனின் முயற்சியால் பிறந்தது. அதன் தொடக்க விழாவுக்குச் சந்திரசேகரும் வந்திருந்தார். இன்று அது தரமணியில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய ரொமேஷ் கௌல், பார்த்தசாரதி மஜும்தார் என்னும் இருவர் 2000-ஆம் ஆண்டு ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். வெளியே நுணுக்கமாகத் தோன்றும் அந்தக் கட்டுரையின் சாரத்தை நம் நான்கு பேரைக் கொண்டே பார்த்துவிடலாம்.

இடவெளியே நுண்ணிய கோடுகளால் பின்னப்பட்டது, அக்கோடுகள் கருந்துளையின் விளிம்பைப் புள்ளி புள்ளியாகக் குத்தி நிற்கின்றன என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கொள்கை. ஒவ்வொரு புள்ளியும் மேடு அல்லது பள்ளம் என்று இரண்டு விதமாக இருக்கலாம். நாலு புள்ளிக்கு 16 விதம். ஆனால் எல்லா விதமும் செல்லாது. மொத்தத்தில் சமன் இருக்க வேண்டும். இருவர் மேடு, இருவர் பள்ளம் என்று மட்டும் கேட்டால் 6. கௌலும் மஜும்தாரும் கேட்டது அதைவிடக் கடுமையான நிபந்தனை: மேடு பள்ளம் மட்டுமல்ல, எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் சமன் இருக்க வேண்டும். குவாண்டம் கணக்கின்படி அதற்குத் தேறுவது இரண்டே விதம். 16, பிறகு 6, பிறகு 2. கோடானுகோடிப் புள்ளிகளுக்கு இதே கழிவைப் போட்டுப் பார்த்தனர். பரப்பில் நாலில் ஒரு பங்கு அப்படியே நின்றது. அதிலிருந்து அந்த எண்ணின் மடக்கையை ஒன்றரையால் பெருக்கிக் கழிக்க வேண்டும் என்று விடை வந்தது.

கழிவு எவ்வளவு? சூரியனின் எடையுள்ள கருந்துளைக்கு ஏறக்குறைய 265. எழுபத்தேழு சைபர் போட்ட எண்ணிலிருந்து வெறும் 265-ஐக் கழிப்பதா? இதற்கா ஒரு கட்டுரை என்று சிரிக்கத் தோன்றும். தோட்டத்தில் நிறுவை போட்டவர்கள் சிரிக்கமாட்டார்கள். மூட்டை எவ்வளவு பெரிதானாலும் கூடைக்கென்று ஒரு கழிவு உண்டு. கழிவைப் பார்த்தே அது மூங்கில் கூடையா, கம்பி வலையா என்று தெரிந்துகொள்ளலாம். நாலில் ஒரு பங்கு என்பதை எல்லாக் கொள்கைக்காரர்களும் வரவழைத்துவிடுகிறார்கள். சென்னைக்காரர்கள் பயன்படுத்திய கொள்கையில்கூட ஓர் எண்ணைப் பொருத்தித்தான் அந்தக் கால் பங்கு கிடைக்கிறது. இது ஒரு குறைதான். ஆகவே கொள்கைக்குக் கொள்கை வேறுபாடு தெரிவது கழிவில்தான்.

தெரியவும் செய்தது. 2012-இல், அலகாபாத்தில் ஹரீஷ் சந்திரா ஆராய்ச்சி நிலையத்திலிருந்த அசோக் சென், புள்ளிகளை எண்ணாமல் வேறு வழியில் இதே கழிவைக் கணக்கிட்டார். ஒன்றரை வரவில்லை. எடையற்ற துகள்கள் இயற்கையில் எத்தனை வகை என்பதைப் பொறுத்துக் கழிவு மாறும் என்றது அவர் கணக்கு. எந்தக் கூடை சரி? எந்தக் கருவியாலும் 265-ஐ அளக்க முடியாததால், நிறுவைக்காரர் தீர்ப்பு வரவில்லை. எங்கள் மனம் சென்னைப் பக்கம் சாய்கிறது என்பதை மறைப்பானேன்? ஆனால் ஊர்ப்பாசம் கணக்குக்கு உதவாது.

இனி, நம் வீடுகளைத் தொடும் ஒரு விஷயம். எங்கள் லயத்தில், நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில், ஒரு வீட்டில் தீப்பிடித்துத் தகரப் பெட்டி எரிந்தது. பிறப்புப் பத்திரம், தாத்தா கப்பலில் வந்த சீட்டு, எல்லாம் அதில்தான். மறுநாள் அந்த வீட்டம்மா சாம்பலைக் கிளறியதில் பெட்டியின் பூட்டு கிடைத்தது. இங்கேயே பிறந்த பிள்ளைகள், பத்திரம் இல்லாத காரணத்தால் சிவப்பு அட்டையோடு எத்தனை ஆண்டு அலைந்தனர் என்பது அக்கம் பக்கத்துக்குத் தெரியும். எரிந்தது எரிந்ததுதானே?

இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது. புகையின் ஒவ்வொரு துணுக்கும், சாம்பலின் ஒவ்வொரு பொடியும், வெளியேறிய வெப்பமும் ஒளியும் ஒன்று விடாமல் கைக்கு வந்தால், எரிந்த எழுத்தைத் திரும்பப் படித்துவிடலாம். ஒருவராலும் செய்ய முடியாத காரியம்தான். என்றாலும் தகவல் அழிவதில்லை என்பது குவாண்டம் விதி. 1976-இல் ஹாக்கிங், கருந்துளை இந்த விதிக்கு அடங்காது என்றார். அதில் விழுந்த பத்திரம் விழுந்ததுதான். கருந்துளை உமிழ்ந்து உமிழ்ந்து கரைந்து போனாலும், வெளிவரும் வெப்பத்தில் ஓர் எழுத்தும் இராது என்பது அவர் வாதம். சூரியனின் எடையுள்ள கருந்துளை கரைய, ஒன்றுக்குப் பின் 67 சைபர் போட்ட அளவு ஆண்டுகள் ஆகும். காத்திருந்து பார்க்க முடியாது. ஆனால் ஓரிடத்தில் விதி உடைந்தால் எல்லா இடத்திலும் உடைந்ததாகத்தான் பொருள். அதனால்தான் இத்தனை சண்டை.

1997-இல் ஹாக்கிங்கும் கிப் தார்னும் ஒரு பக்கம், ஜான் பிரெஸ்கில் மறுபக்கம் என்று பந்தயம் கட்டினர். 2004-இல் டப்ளின் நகர மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு, பேஸ்பால் ஆட்டக் களஞ்சியம் ஒன்றைப் பிரெஸ்கில்லிடம் கொடுத்தார். தார்ன் அன்று உடன்படவில்லை.

இதற்கிடையே 1993-இல் டான் பேஜ் என்பவர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். தகவல் வெளிவருமானால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடக்கத்திலிருந்தே வராது. என்ட்ரோபியில் ஏறக்குறையப் பாதி கரையும் வரை சேர்த்துவைத்த வெப்பத்தில் ஒன்றுமே படிக்க முடியாது. அதன் பிறகுதான் முதல் எழுத்து தெரியத் தொடங்கும். அதாவது பாதிச் சாம்பல் போதாது. 2019-இல் அமெரிக்காவில் இளம் ஆய்வாளர் சிலர், ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதிகளைக் கொண்டே அந்த ஏற்ற இறக்கத்தை வரவழைத்துக் காட்டினர். 2020-இல் சென்னைக் கணித நிலையத்தின் அலோக் லட்டாவும் பெங்களூரின் சுவ்ரத் ராஜுவும் மேலும் இருவரோடு சேர்ந்து இன்னும் துணிவாக ஒன்று சொன்னார்கள்: உள்ளே விழுந்ததன் முழுப் பதிவு வெகு தொலைவில், ஈர்ப்பின் நுண்மையான சாயலில் எப்போதுமே இருக்கிறது, அது உள்ளிருந்து வெளியே வரவேண்டிய தேவையே இல்லை. பேஜின் கணக்கோடு இது எப்படிப் பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

பதிவு இருக்கிறது என்பதில் பெரும்பாலோர் இன்று உடன்படுகின்றனர். அதை யார், எங்கே நின்று, எப்படிப் படிப்பது என்பதுதான் பாக்கி நிற்கும் கேள்வி.

தேநீர் ஆறியிருக்கும்.