பந்து விளையாடப் போகும் பிள்ளை



ஒன்றோ இரண்டோ பெற்று அளவோடு வளர்க்கும் குடும்பங்கள் நம் கிராமங்களில் பெருகிவிட்டன. தடுப்பூசி தவறாமல் போடுகிறோம், எடை பார்க்கிறோம், முட்டையும் கீரையும் தேடிக் கொடுக்கிறோம். அப்படிப் பாத்துப் பாத்து வளர்த்த பிள்ளையைப் பத்து வயதில் கால்பந்துக் குழுவில் சேர்க்கும்போது மட்டும், “மாஸ்டர் பாத்துக்குவாரு” என்று சொல்லி விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இன்று பேசப் போவது அதைப் பற்றித்தான்.

விளையாட்டை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கோடையில் வற்றிய கண்மாயிலும் ஊர் மந்தையிலும் பந்து உதைக்கிற பிள்ளை பசித்துச் சாப்பிடும், அசந்து தூங்கும். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு நாள் ஆட வேண்டும் என்று ஆசைப்படும். படட்டும். பயிற்சி தருகிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். சொந்தக் காசில் பந்து வாங்கித் தருகிறவர்களும் உண்டு. நம் கவலை மீதிச் சிலரைப் பற்றியது.

அந்தச் சிலர் குடிகாரராகவோ முரடராகவோ இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். ஊரே மெச்சும்படி இருப்பார்கள். இங்கிலாந்தில் பாரி பென்னல் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். பையன்களைப் பெரிய ஆட்டக்காரர்களாக ஆக்குவார் என்று பெற்றோர் அவரை நம்பினார்கள்; இரவில் அவர் வீட்டிலேயே தங்கவும் விட்டார்கள். அவரிடம் 11 வயதில் சிக்கிய ஆண்டி உட்வர்டு என்ற ஆட்டக்காரர் 2016இல், தம் 43ஆம் வயதில்தான், அதை வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் பலரும் வாய் திறந்தார்கள். 2018இல் பென்னலுக்கு 31 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பிள்ளை சொல்வதற்கு எத்தனை வருஷம் ஆனது பாருங்கள்!

“அது வெள்ளைக்காரன் ஊருங்க” என்பீர்கள். 2021இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் மாணவியர் புகாரின் பேரில் கைதானார். 2022இல் நம் நாட்டின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணி ஐரோப்பாவுக்குப் போயிருந்தபோது புகார் எழுந்து, துணைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார்.

இன்னொன்று. பையன்தானே, அவனுக்கென்ன பயம் என்று இருந்துவிடுகிறோம். மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கும் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகளே.

தவறு ஒரே நாளில் நடப்பதில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் புது பூட்ஸ் வரும். “டீமுல உன்னைத்தான் எடுக்கப் போறேன், யாருகிட்டயும் சொல்லாத” என்ற பேச்சு வரும். ராத்திரியில் செல்போனில் செய்தி வரும். சுளுக்கு என்று தனி அறையில் தைலம் தேய்ப்பது வரும். டீமில் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் கையில் இருப்பதால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். “வீட்டுல சொல்ல முடியாத ரகசியம் எதுவும் மாஸ்டருக்கும் உனக்கும் நடுவுல இருக்கக் கூடாது” என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

வெளியூர்ப் போட்டிக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். எங்கே தங்கல், யார் யார் கூடப் போகிறார்கள் என்று கேளுங்கள். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் தனியாக ஒரே அறையில் படுக்கக் கூடாது. பெற்றோர் இருவராவது முறை வைத்துக் கூடப் போக வேண்டும். பெண் பிள்ளைகள் போனால் ஒரு பெண் துணை அவசியம். கேட்டால் மாஸ்டர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்காதீர்கள். நல்ல மாஸ்டர் கோபிக்க மாட்டார். உள்ளபடியே அவருக்கும் அது பாதுகாப்பு.

நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மைதானத்துக்குப் போக மாட்டேன் என்கிறதா? படுக்கையை நனைக்கிறதா? அடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். “நீ ஏன் அங்க போன?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலும் தாயிடம்தான் பிள்ளை சொல்லும். தாயோ, “அவருக்குத் தெரிஞ்சா அருவாளத் தூக்கிருவாரு” என்று பயந்து மறைத்துவிடுவாள். ஆகவே கணவன்மாரே, அப்படி ஒரு சேதி வந்தால் நான் கை ஓங்க மாட்டேன், உன்னையோ பிள்ளையையோ குறை சொல்ல மாட்டேன் என்று இன்றே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். நீங்கள் ஜெயிலுக்குப் போனால் பிள்ளைக்கு யார் துணை? மகளின் ஆட்டத்தை நிறுத்தி, 18 ஆகும் முன்பே கல்யாணம் பேசுவதும் தீர்வல்ல. அது சட்டப்படி குற்றம். அவள் உடம்புக்கும் கேடு.

ஊர்ப் பஞ்சாயத்தில் காசு வாங்கி முடிக்கிற வேலை வேண்டாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. குழு நடத்துகிற பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. போலீஸ் நிலையத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டுமே என்று கலங்காதீர்கள். வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். வருகிற அதிகாரி சீருடையில் வரக் கூடாது. பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது.

அன்றே நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போலீஸ் புகார் இருந்தால்தான் பார்ப்போம் என்று யாரும் சொல்ல முடியாது, வைத்தியம் இலவசம். பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். நீங்கள் கூடவே இருக்கலாம்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1098க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பிள்ளையே நேராகப் பேசலாம். வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது இந்த நாலு எண்ணையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.