மின்சாரம் இல்லாமல் காய்கறியைக் குளிர வைக்கலாம்

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காலையில் பறித்த தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் சந்தைக்குப் போய்ச் சேரும்போது பாதி வாடிவிடுகிறது. சந்தையில் விலை இறங்கியிருந்தால், "கொண்டு வந்ததைத் திரும்பக் கொண்டு போக முடியுமா?" என்று வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வருகிறோம். இரண்டு மூன்று நாள் காயைக் கெடாமல் வைத்திருக்க வழி இருந்தால், விலை பேசும்போது கொஞ்சமாவது நிமிர்ந்து நிற்கலாம் அல்லவா? அந்த வழியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கிராமங்களுக்குப் போகும்போது இது சம்பந்தமாகப் பல கேள்விகள் வருகின்றன. எல்லாம் மூளையைப் போட்டு யோசித்துக் கேட்கிற கேள்விகள். தர்மபுரிப் பக்கம் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனுங்க சார், வீட்டிலே பிரிட்ஜ் இருக்குது. அதன் கதவைத் திறந்து வச்சு, அறைக் கதவைச் சாத்திட்டா, அறை முழுக்க ஜில்லுன்னு ஆயிடாதா? கூடைகளை அங்கேயே அடுக்கிடலாமே?"

நல்ல யோசனை மாதிரிதான் தெரியும். ஆனால் நடக்காது. பிரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், சுடும். பெட்டிக்குள் இருக்கிற சூட்டை இறைத்து வெளியே கொட்டுகிற வேலையைத்தான் அது செய்கிறது. கமலை கட்டித் தண்ணீர் இறைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறைத்த தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திரும்ப அதே கிணற்றிலே விட்டால் கிணறு வற்றுமா? கதவைத் திறந்து வைத்தால் அந்தக் கதைதான். முன்பக்கம் அறையிலிருந்து எடுத்த சூட்டைப் பின்பக்கம் அதே அறையில் கொட்டும். அதோடு மோட்டார் ஓட எடுத்துக்கொண்ட மின்சாரமும் சூடாக மாறி அறையிலேயே சேரும். ஆகவே அறை குளிர்வதற்குப் பதில் சூடேறும். கரண்டு பில்லும் ஏறும்.

இன்னொரு தம்பி, "பெரிய மின்விசிறி ஒன்றைக் கூடைக்கு எதிரே வைத்தால் போதாதா?" என்று கேட்டார். மின்விசிறி காற்றைத் தள்ளுமே தவிர குளிர வைக்காது. அதற்கு எதிரே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பாருங்கள், அளவு இறங்கவே இறங்காது. நமக்குக் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் நம் மேலே இருக்கிற வேர்வை காய்வதுதான். தக்காளிக்கு வேர்வை கிடையாது. விசிறிக் காற்றில் அதன் உடம்பிலுள்ள ஈரம் போய்ச் சுருங்கும், அவ்வளவுதான்.

இந்த வேர்வையில்தான் நமக்கு வேண்டிய சூட்சுமம் இருக்கிறது. ஈரம் காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நம் மண்பானையும் அதைத்தான் செய்கிறது. பானையின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து, வெளிப்புறத்தில் காற்றில் காய்கிறது. காய்கிற தண்ணீர் தனக்கு வேண்டிய சூட்டைப் பானையிலிருந்தும் உள்ளே உள்ள தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அழகுக்காகப் பானைக்கு எனாமல் பெயிண்ட் அடித்தால் துளை அடைபட்டு, குளிர்ச்சி போய்விடும். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வெள்ளை பூத்த பழைய பானை குளிராததற்கும் இதுவே காரணம்.

எவ்வளவு சூடு போகிறது என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 80 கிலோ கலோரி சூடு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காய்வதற்குச் சுமார் 580 கிலோ கலோரி வேண்டும். அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் காய்ந்து போனால், ஏழு கிலோ பனிக்கட்டி உருகியதற்குச் சமமான சூட்டை எடுத்துப் போகிறது. பனிக்கட்டியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். காற்றும் தண்ணீரும் நம்மிடமே இருக்கின்றன.

காய்கறிக்கு இந்தக் குளிர்ச்சி எதற்கு? பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, தானும் சூடு உண்டாக்குகிறது. சுற்றியுள்ள சூடு பத்து டிகிரி கூடினால் அந்த மூச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் வேகமாகும். அந்த அளவுக்குச் சீக்கிரம் பழுத்து அழுகும். அதோடு எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் போனாலே பெரும்பாலான காய்கறி வாடி, விலை போகாத சரக்காகிவிடும். ஆகவே குளிர்ச்சியும் வேண்டும், ஈரக் காற்றும் வேண்டும்.

இரண்டையும் கொடுக்கிற ஓர் எளிய அமைப்பைப் புது டில்லியில் பூசா வளாகத்தில் இருக்கிற இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் 1980-களில் உருவாக்கினார்கள். மின்சாரமே வேண்டாத குளிர் அறை. கட்டுகிற முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப் பாங்கான, தண்ணீர் வசதிக்குப் பக்கமான இடமாகப் பாருங்கள். தரையில் 165 சென்டிமீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வரிசை செங்கல் பரப்புங்கள். அடிக்கணக்கில் சொன்னால் சுமார் ஐந்தரைக்கு மூன்றே முக்கால். அதன்மேல் நான்கு பக்கமும் இரட்டைச் சுவராக எழுப்புங்கள். இரண்டு சுவருக்கும் நடுவே 7.5 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள். உயரம் 67.5 சென்டிமீட்டர், இரண்டேகால் அடி போதும். சுமார் 400 செங்கல் பிடிக்கும். நன்றாக வெந்த, ஆனால் தண்ணீர் உறிஞ்சும் செங்கலாகப் பார்த்து எடுங்கள்.

சுவரைத் தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிடுங்கள். இடைவெளியில் ஈரமான ஆற்று மணலை நிரப்புங்கள். மூங்கில் சட்டத்தில் வைக்கோலோ கோணியோ கட்டி மூடி செய்துகொள்ளுங்கள். வெயிலும் மழையும் படாதபடி மேலே ஒரு கீற்றுக் கொட்டகை போடுங்கள். காயைத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடைகளில் வைத்து உள்ளே அடுக்குங்கள். இந்த அளவு அறையில் சுமார் 100 கிலோ வைக்கலாம். காலையும் மாலையும் சுவர், மணல், மூடி எல்லாம் நனையத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை ஆகும். கை வேலை மிச்சப்பட வேண்டுமானால், மேலே ஒரு தொட்டி வைத்து, சொட்டு நீர்க் குழாயை மணல்மேல் ஓட விடலாம்.

இவ்வளவையும் நான் பாலக்கோடு பக்கம் ஒரு விவசாயிக்கு வரிசையாகச் சொன்னேன். அவரும் அக்கறையாகக் கட்டினார். பத்து நாள் கழித்து ஆள் விட்டுக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், நான்கு கூடைத் தக்காளியும் பூசணம் பிடித்து, அடியில் நீர்விட்டுக் கிடந்தது. "நீங்க சொன்னபடி தானே சார் கட்டினேன்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சுற்றிப் பார்த்தேன். மாடு முட்டி இடிக்காமல் இருக்கட்டும் என்று வெளிச்சுவர் முழுக்கச் சிமெண்டு பூசியிருந்தார். வீட்டுச் சுவருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே, காற்றே புகாத மூலையில் கட்டியிருந்தார். குளிர்ச்சி வெளியே போகக்கூடாது என்று தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் இறுக்கிக் கட்டியிருந்தார். தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றியிருக்கிறார். அந்தத் தண்ணீர் காய்வதற்கு வழியே இல்லை.

தவறு அவருடையதல்ல. செங்கல் எத்தனை, மணல் எவ்வளவு என்று சொன்ன நான், இது எப்படிக் குளிர்கிறது என்பதைச் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றுவதால் குளிர்ச்சி வருகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஊற்றிய தண்ணீர் காற்றில் காய்ந்தால்தான் குளிர்ச்சி. இந்த ஒரு வார்த்தையை நான் முதலிலேயே சொல்லியிருந்தால் அவருக்கு நான்கு கூடை நஷ்டம் வந்திருக்காது. அன்றைக்கே அவரிடம், "அண்ணே, நான் சொல்லாமல் விட்டது தப்பு" என்று ஒப்புக்கொண்டேன்.

பிறகு இருவருமாக இடத்தை மாற்றினோம். வேப்பமரத்து நிழலில், மேல்காற்று தாராளமாக அடிக்கிற பக்கம், பழைய செங்கலில் சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி கட்டினோம். தார்ப்பாய் போய்க் கோணி வந்தது. மாட்டுக்கு முள்வேலி போட்டோம். அடிபட்ட பழத்தைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, செங்காயாகப் பார்த்து வைத்தார். இந்தத் தடவை தக்காளி நின்றது.

மூடிய அறைக்குள் ஏர் கூலர் போட்டால் கொஞ்ச நேரத்தில் புழுங்குகிறதே, அதற்கும் இதுவே காரணம். ஈரக் காற்று வெளியே போக ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் எவ்வளவு குளிரும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்குங்கள். ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித் துணி சுற்றி, இரண்டையும் நிழலில் காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். ஈரத் துணி சுற்றியது குறைவாகக் காட்டும். அந்த அளவுக்குக் கீழே இந்த அறை போகாது. அதற்குச் சில டிகிரி மேலேதான் நிற்கும்.

உதாரணமாக, கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈர வெப்பமானி சுமார் 24 காட்டும். பதினான்கு டிகிரி வித்தியாசம். அறை நல்ல பலன் தரும். அதுவே கடற்கரையோரம் 32 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஈர வெப்பமானி 28-தான் காட்டும். நாலு டிகிரிக்காக மெனக்கெட வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி அடைமழையிலும் அப்படித்தான். சுருக்கமாகச் சொன்னால், கொடியில் போட்ட ஈரத்துணி சீக்கிரம் காய்கிற நாளில் அறை குளிரும். துணி காயாத நாளில் அறையும் குளிராது.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. வெங்காயம், பூண்டு, தானியம், விதை ஆகியவற்றை இதில் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே ஈரம் மிகுதி, முளைத்தும் பூசணம் பிடித்தும் போகும். காயின்மேல் நேரே தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு தடவை காலி செய்ததும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவிக் காயவிடுங்கள். செங்கலில் உப்புப் பூத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள். எலி புகாமல் கம்பி வலை போடுங்கள். குளிர்ச்சியைத் தேடிப் பாம்பு வரும், ஆகவே மூடியைத் திறக்கும்போது பார்த்துக் கையை விடுங்கள்.

வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் இரண்டு மண்பானையே போதும். பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவே ஈர மணல் நிரப்பி, மேலே ஈரத்துணி போட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டைச் சேர்ந்த முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் மின்சாரம் இல்லாத கிராமங்களில் இந்த முறையைப் பரப்பினார். அவர் பானை செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். கீரையும் கறிவேப்பிலையும் இதில் இரண்டு மூன்று நாள் வாடாமல் இருக்கும்.

இந்த அறை கட்டினால் தக்காளி விலை ஏறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் காத்திருந்து இன்னும் குறைந்த விலைக்கு விற்க வேண்டியும் வரலாம். ஆனால் இன்றைக்கே விற்றாக வேண்டும் என்கிற கட்டாயம் குறையும். மாலையில் பறித்த காயை இரவெல்லாம் குளிர வைத்து, விடியற்காலையில் புதுக் காயாகச் சந்தையில் இறக்கலாம். அதுவே பெரிய பலம். முதலில் இரண்டு பானையில் செய்து பாருங்கள். பலன் தெரிந்தால் செங்கல் வாங்குங்கள். கட்டுகிறபோது ஒன்றை மறக்க வேண்டாம்: தண்ணீர் ஊற்றுவது உங்கள் வேலை, அதைக் காய வைப்பது காற்றின் வேலை. அந்தக் காற்றுக்கு வழி விடுங்கள்.