எந்தக் காசை வாங்கலாம்?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னை மருத்துவம் பற்றிப் பேசத்தான் அழைத்தார்கள். நான் காசைப் பற்றிப் பேசப் போகிறேன். செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருக்கும் எங்கள் தங்கைமார் சிலர், தங்களிடமுள்ள கிரிப்டோ நாணயத்தில் ஒரு பங்கைப் புலமைப்பரிசில் நிதிக்குத் தரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். மூத்தவர்கள் சிலரோ, "அந்தச் சூதாட்டக் காசு சேர்ந்தால் நாங்கள் தருவதை நிறுத்திவிடுவோம்" என்கிறார்கள். இந்த இழுபறி முடியட்டும் என்று காத்திருப்பவர்கள், உயர்தர விஞ்ஞானம் படிக்க நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் யாழ்ப்பாணம் போய் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள்.

வாங்கலாம் என்பது என் கருத்து.

எங்கள் ஊர்களுக்குக் காசு வந்த வழிகளை நினைத்துப் பாருங்கள். மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள் மணியோடர் அனுப்பினார்கள். தீவகத்து வியாபாரிகள் தென்னிலங்கையில் கடை வைத்து உழைத்தார்கள்; அதில் சுருட்டு விற்ற காசும் உண்டு. சுருட்டைப் பற்றி ஒரு டொக்டரின் கருத்து உங்களுக்குத் தெரியும்! ஆனாலும் அந்தக் காசில் படித்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. போர்க்காலத்தில் உண்டியலில் வந்த காசில் எத்தனை அடுப்பு எரிந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

2021 ஏப்ரலில், கொரோனா இந்தியாவை உலுக்கியபோது, சந்தீப் நைல்வால் என்ற இளைஞர் கிரிப்டோ நாணயத்தில் நிவாரண நிதி திரட்டினார். எதீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின், அன்றைய விலையில் ஏறத்தாழ 100 கோடி டொலர் பெறுமதியான ஷிபா இனு நாணயத்தை அந்த நிதிக்குக் கொடுத்தார். செய்தி பரவியதும் அதன் விலை சரிந்தது. கையில் வந்தது அதைவிட மிகக் குறைவு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் இறுக்கத்தால் செலவழிப்பதும் மெல்லத்தான் நடந்தது. இருந்தும் தடுப்பூசி ஏற்றும் ஊசிகள் வாங்க யுனிசெப்புக்கு அதிலிருந்து 1.5 கோடி டொலர் போனது. ஊசி தட்டுப்பட்ட ஒரு வாட்டில் நின்றவளுக்கு அது சின்ன விடயமல்ல.

மறுபக்கமும் உண்டு. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம், தன் பங்களிப்பாளர்களின் எதிர்ப்பை மதித்து, 2022 மே மாதம் இந்த நன்கொடையை நிறுத்தியது. மின்சார விரயம் அவர்களின் முக்கியமான முறைப்பாடு. அது நியாயம்தான். எதீரியம் 2022 செப்ரெம்பரில் முறையை மாற்றித் தன் மின் செலவை 99 வீதத்துக்கும் மேல் குறைத்தது, பிட்கொயின் மாறவில்லை. ஆகவே பிட்கொயின் வேண்டாம் என்று நீங்கள் தீர்மானித்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் எப்படி வாங்குவது என்பதில் நான் கண்டிப்பானவள். இலங்கை மத்திய வங்கி இந்த நாணயங்கள் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுத்ததில்லை என்றும் சொல்லியிருக்கிறது. எனவே எங்கள் யாழ்ப்பாணக் கணக்கு இதைத் தொடவே கூடாது. வெளிநாட்டில் முறையாகப் பதிவுசெய்த கிளை, அந்த நாட்டுச் சட்டப்படி வாங்கி, அன்றைக்கே விற்றுப் பவுணாகவோ டொலராகவோ வங்கி வழியாக அனுப்பட்டும். விலை ஏறும் என்று ஒரு நாளும் வைத்திருக்கக்கூடாது. வைத்திருந்தால் அக்காமார் சொல்லும் சூதாட்டம் அங்கேதான் தொடங்கும். பெயர் சொல்லாதவரிடம் வாங்கவே வேண்டாம். யாரையும் கிரிப்டோ வாங்கச் சொல்லி எங்கள் பெயரில் ஒரு வரியும் போகக்கூடாது.

எதிர்க்கும் அக்காமாருக்கு ஒன்று. உங்கள் காசு எந்தப் பிள்ளைக்குப் போகிறது என்பது ஆண்டறிக்கையில் தனியாக வரும், இது வேறு பக்கத்தில் வரும். உங்கள் கருத்தை மாற்ற நான் வரவில்லை. எனக்கே இந்த நாணயங்களில் பெரிய நம்பிக்கை கிடையாது. நான் ஒரு சதமும் அதில் போடவில்லை. ஆனால் ஒரு தங்கை தன்னிடம் உள்ளதைத் தர வரும்போது, அவள் அதை எதில் சேர்த்தாள் என்பதற்காகத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வருடம் பரீட்சார்த்தமாகச் செய்து பார்க்கலாம் என்ற பிரேரணையை அடுத்த பொதுக்கூட்டத்தில் கொண்டுவருகிறேன். எதிர்த்துக் கை உயர்த்துபவர்களும் கூட்டம் முடிந்து தேநீருக்கு நிற்க வேண்டும்.