சட்டத் துறையில் நம் பெண்மக்கள்: ஜமாஅத்தின் கடமை என்ன?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற கல்வி விழாவில், பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் அருளும் இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

கல்வி விழா என்றாலே மருத்துவத்தைப் பற்றியும் பொறியியலைப் பற்றியும் பேசுவது வழக்கமாகிவிட்டது. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது சட்டக் கல்வி. அதிலும் நம் பெண்மக்கள் வழக்கறிஞர்களாகவும் நீதிபதிகளாகவும் வர வேண்டியதன் அவசியத்தைப் பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

திருக்குர்ஆனின் 58ஆவது அத்தியாயத்திற்கு ‘அல்முஜாதலா’ என்று பெயர். வாதாடுதல் என்பது அதன் பொருள். வாதாடியவர் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்னும் பெண்மணி. அவருடைய கணவர் கோபத்தில் ‘ளிஹார்’ எனும் அறியாமைக் கால வழக்கப்படி, மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டு ஒதுக்கிவிட்டார். வாழவும் விடாமல், விலகவும் விடாமல் பெண்ணைத் தொங்கலில் நிறுத்தும் கொடிய வழக்கம் அது. அந்த அம்மையார் நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து முறையிட்டார். மறுபடியும் மறுபடியும் எடுத்துரைத்தார். அந்த முறையீட்டுக்கு விடையாக இறைவசனங்கள் இறங்கின. ளிஹார் மணமுறிவு ஆகாது என்றும், அவ்வாறு சொன்னவன் பரிகாரம் செய்ய வேண்டும் என்றும் சட்டம் வந்தது.

இந்நிகழ்ச்சியை அறிவிக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார்கள். தாம் அதே வீட்டில் ஓர் ஓரத்தில் இருந்தும், அப்பெண்மணி பேசியதில் சில தம் காதில் விழவில்லை என்றும், ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் அதைக் கேட்டுவிட்டான் என்றும் வியக்கிறார்கள். இல்லறத் துயரைச் சொல்லும் பெண்ணின் குரல் அத்துணை தாழ்ந்தே ஒலிக்கும். அதைக் கேட்கும் செவி நம்மிடையே இருக்கிறதா என்பதே இன்றைய கேள்வி.

நம் ஊர் நிலை

இமாமத் பணியில் உள்ள எவரும் குடும்பப் பிணக்குகளுக்கான அமர்வுகளில் கலந்துகொள்ளாமல் இருக்க முடியாது. முன்னே நிர்வாகிகள் அமர்ந்திருப்பார்கள், அனைவரும் ஆண்கள். பெண்ணுக்காக அவருடைய தந்தையோ அண்ணனோ பேசுவார். “என்னம்மா, சரிதானே?” என்று கேட்டால், அந்தச் சகோதரி தலையை அசைத்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் என் வீட்டாரிடம் வந்து, சபையில் சொல்ல முடியாததைச் சொல்லி அழுவார். நகை எங்கே போனது, அடி எங்கே விழுந்தது என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். நிர்வாகிகள் நல்லவர்கள், நீதியை நாடுகிறவர்கள். ஆனால் சொல்லப்படாததைக் கொண்டு யாரும் நீதி வழங்க இயலாது.

இன்னொன்றையும் நாம் தெளிவாக உணர வேண்டும். ஜமாஅத் சமரசம் செய்து வைக்கலாம், நல்லுரை கூறலாம். தீர்ப்பளிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. ஷரீஅத் அமைப்புகள் வழங்கும் ஃபத்வாக்களுக்குச் சட்ட வலிமை கிடையாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தலாக் குறித்துக் காஜிகள் வழங்கும் சான்றிதழ்கள் ஒரு கருத்து மட்டுமே என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆகவே சமரசம் பலிக்காத இடத்தில் நம் சகோதரி நீதிமன்றப் படியைத்தான் ஏற வேண்டும். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், 1986ஆம் ஆண்டுச் சட்டம், 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை அங்கே பேசப்படும். மார்க்கத்தின் நோக்கத்தையும் சட்டத்தின் வாசகத்தையும் ஒருசேர அறிந்த ஒரு பெண் வழக்கறிஞர் அருகில் இருந்தால், அவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சொத்துரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குரிய பங்கை அல்லாஹ்வே நிர்ணயித்துவிட்டான். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விளைநிலங்களை விட்டுவிட்டது. 1949இல் சென்னை மாகாணத்தில் செய்யப்பட்ட திருத்தம் அந்த விலக்கையும் நீக்கிவிட்டது. அப்படியிருந்தும் என்ன நடக்கிறது? தந்தை மவுத்தாகிய சில மாதங்களில், சகோதரிகளைப் பத்திரப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். படித்துப் பார்க்காமலேயே கையொப்பமிட்ட சகோதரிகள் எத்தனை பேர்! அதை அவர்களுக்குப் படித்துக் காட்ட ஒரு பெண் வேண்டாமா?

இது ஃபர்ளு கிஃபாயா

சமுதாயத்தில் சிலரேனும் நிறைவேற்ற வேண்டிய, ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகளாகும் கடமையை ஃபர்ளு கிஃபாயா என்கிறோம். ஜனாஸாத் தொழுகையை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் மருத்துவத்தையும் கணிதத்தையும் இக்கடமையில் சேர்க்கிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லாதிருக்க, எல்லோரும் மார்க்கச் சட்டத் தர்க்கங்களையே நாடி ஓடுகிறார்களே என்று வருந்துகிறார்கள். உடலின் நோய்க்கு மருத்துவர் எப்படியோ, உரிமையின் நோய்க்கு வழக்கறிஞர் அப்படி. ஒரு ஜமாஅத்தில் பெண்களின் வழக்கை எடுத்து நடத்த ஒரு பெண் இல்லையென்றால், அக்குறை அந்த ஜமாஅத் முழுவதையும் சாரும் என்பதே எளியேனின் கருத்து.

நீதிமன்றத்தின் மொழியைச் சற்றுக் கேட்டுப் பாருங்கள். வக்கீல், வக்காலத்து, முன்சீப், ஜாமீன், ஆஜர், வாய்தா, ரத்து: இவை யாவும் நம் மதரஸாக் கிதாபுகளில் ஓதும் அரபுச் சொற்களின் வழி வந்தவை. சொற்கள் நம் வீட்டுச் சொற்களாய் இருக்க, அந்தச் சபையில் நம் பெண்மக்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முன் சென்றவர்கள்

பெண்கள் வழக்கறிஞராகும் உரிமை எளிதில் கிடைத்ததன்று. 1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹாவும், பின்னர் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவும், பெண் என்பதற்காகவே உயர் நீதிமன்றங்களால் மறுக்கப்பட்டனர். 1923ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரே அந்தத் தடை நாடெங்கும் நீங்கியது. திருவிதாங்கூரில் அன்னா சாண்டி என்னும் கிறிஸ்தவப் பெண்மணி 1937இல் முன்சீப் ஆகி, 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

அன்னா சாண்டியின் உயர்வைக் கண்டு, தம் மகளையும் சட்டம் படிக்கத் தூண்டினார் பத்தனம்திட்டாவைச் சேர்ந்த மீரா சாஹிப் என்னும் ஒரு தந்தை. அந்த மகள்தான் நீதியரசர் ஃபாத்திமா பீவி அவர்கள். 1927இல் பிறந்தார். 1950இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1958இல் முன்சீப், 1974இல் மாவட்ட நீதிபதி, 1983இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்த அவர், 2023 நவம்பரில் இறைவனடி சேர்ந்தார். படிப்படியாக ஏறிய இந்தப் பயணத்தின் முதற்படி ஒரு தகப்பனாரின் சம்மதம் என்பதை இங்கு அமர்ந்திருக்கும் தகப்பனார்கள் கவனிக்க வேண்டும். 1989 முதல் 2021 வரை உச்ச நீதிமன்றத்தில் நியமிக்கப்பட்ட பெண் நீதிபதிகள் 11 பேர். அவர்களுள் முஸ்லிம் பெண் அவர் ஒருவரே. இது நமக்குப் பெருமையா, கவலையா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம் மாநிலத்திலும் முன்மாதிரிகள் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய பஷீர் அஹமது சயீத் அவர்கள், பெண்களுக்கென்றே 1955இல் சென்னையில் கல்லூரி நிறுவினார்கள். நாகூரில் பிறந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள் 1979இல் அதே உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்கள்.

தடை எங்கே?

இன்று படிப்பில் சேருவது பெருந்தடையாக இல்லை. பிளஸ் டூ முடித்தோருக்கு ஐந்தாண்டுப் படிப்பும், பட்டம் பெற்றோருக்கு மூன்றாண்டுப் படிப்பும் உள்ளன. பிற்படுத்தப்பட்டோருக்கான இடங்களில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2007இல் வழங்கப்பட்டது. பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வசூலித்து வந்த பதிவுக் கட்டணமும், சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியலின, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தடை, கருப்பு அங்கி அணிந்த பிறகுதான் தொடங்குகிறது. இளம் வழக்கறிஞருக்கு முதற்சில ஆண்டுகள் வருமானம் மிகச் சொற்பம். பேருந்துக் கட்டணத்திற்கும் வீட்டில் கை நீட்ட வேண்டிய நிலை. ஆண்பிள்ளையென்றால் பொறுத்துக்கொள்ளும் வீடு, பெண்பிள்ளையென்றால் “போதும்மா, குமர் காரியத்தைப் பார்ப்போம்” என்று சொல்லிவிடுகிறது. பட்டம் சுவரில் தொங்குகிறது. பிள்ளை அடுப்படியில் நிற்கிறாள். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு அறிவுறுத்தியது. எனினும் சிற்றூர் நீதிமன்றங்களில் மூத்த வழக்கறிஞர்களே சிரமப்படும்போது, உத்தரவு ஒன்றே வயிற்றை நிரப்பாது. இதனிடையே, சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற விதியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. அந்த மூன்றாண்டைத் தாக்குப் பிடிக்க முடியாத பெண் வழக்கையும் இழக்கிறாள். நீதிபதி ஆகும் வாய்ப்பையும் இழக்கிறாள். ஜமாஅத்தின் கை நீள வேண்டிய இடம் இதுவே.

சில ஐயங்கள்

வக்கீல் தொழிலில் பொய் கலக்கும் என்று சிலர் தயங்குகின்றனர். மோசடிக்காரர்களுக்காக வாதாடக் கூடாது என்றும், தமக்கோ பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்து நிற்க வேண்டும் என்றும் நான்காம் அத்தியாயம் அந்-நிஸா போதிக்கிறது. தொழிலில் தவறு நுழையுமிடத்தில் நேர்மையானவர்கள் விலகினால் தவறுதான் மிஞ்சும்.

பெண் தீர்ப்பு வழங்கலாமா என்பது மற்றோர் ஐயம். இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலான இமாம்கள் அனுமதிக்கவில்லை. ஹனஃபி மத்ஹபிலோ, ஹத்து, கிஸாஸ் எனும் குற்றவியல் தண்டனைகள் அல்லாத வழக்குகளில் பெண் அளிக்கும் தீர்ப்பு செல்லும் என்று கூறப்பட்டுள்ளது. ஆனால் பிறருக்காக வக்காலத்து ஏற்று வாதாடுவதற்குப் பெண் என்பது தடையன்று. சட்டப்படியும், குடும்ப நல நீதிமன்றங்களின் நீதிபதி நியமனத்தில் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது.

ஜமாஅத்தின் முன் நான்கு வேண்டுகோள்கள்

முதலாவதாக, சட்டம் படிக்கும், படிக்க விரும்பும் பெண்பிள்ளைகளின் பட்டியலைத் தெருவாரியாகத் தயாரிக்க வேண்டும்.

இரண்டாவதாக, வழக்கறிஞராகப் பதிவு செய்த நாளிலிருந்து மூன்றாண்டுகள் மாத உதவித்தொகை வழங்க வேண்டும். தகுதியுள்ள ஏழைப் பிள்ளைக்கு ஜகாத்திலிருந்து அவள் கையிலேயே உரிமையாக்கிக் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு ஜகாத்தைத் தொடாமல், பொது நன்கொடையிலிருந்து கொடுக்க வேண்டும். இரண்டையும் தனித்தனிக் கணக்கில் வைக்கப் பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவதாக, மதரஸா மாடியில் ஒரு சட்ட நூலகம் அமைய வேண்டும். அதன் கதவு நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. இதே தடைகளைச் சந்திக்கும் தலித், கிறிஸ்தவச் சகோதரிகளுக்கும் திறந்திருக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பதையும், 15100 என்ற உதவி எண்ணையும் அங்கே எழுதி வைக்க வேண்டும்.

நான்காவதாக, குடும்பப் பிணக்குகளைக் கேட்கும் அமர்வில், சட்டம் அறிந்த பெண் ஒருவர் இடம்பெற வேண்டும். அவர் கிடைக்கும் வரை, கற்றறிந்த மூத்த பெண்மணிகள் இருவரையேனும் அமர்த்த வேண்டும். பாதிக்கப்பட்ட சகோதரி முதலில் அவர்களிடம் தனியே பேசட்டும். பிறகு சபை கூடட்டும்.

தகப்பனார்களே! மகளின் திருமணத்திற்கென்று பவுன் சேர்க்கிறீர்கள். அந்தப் பவுன் பறிபோகும் நாளில் அதை மீட்டுத் தரும் அறிவையும் அவளுக்குச் சேர்த்துக் கொடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரே! வழக்கறிஞர் மருமகள் வந்தால் வீட்டில் வாதம் பெருகும் என்று அஞ்சாதீர்கள். நீதியுள்ள வீட்டில் வாதத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை.

வாதாடிய பெண்மணியின் பெயரால் ஓர் அத்தியாயத்தையே அருளிய இறைவன், நம் பெண்மக்களுக்குத் தெளிந்த அறிவையும், நேர்மையான நாவையும், நமக்கு அவர்களுக்குத் துணை நிற்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! அடுத்த ஆண்டறிக்கையில் நம் ஜமாஅத் உதவியுடன் பதிவு செய்த முதல் பெண் வழக்கறிஞரின் பெயர் இடம்பெற, இன்ஷா அல்லாஹ், அவன் கிருபை செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.