கனக்கும் ஸ்டீயரிங்

கான்டெசா காரை மறந்திருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டரை அடியொற்றி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கொண்டுவந்த வண்டி; 2002 வரை தயாரானது. நீண்ட மூக்கு, பந்தயக் காரின் தோரணை. பிற்பாடு வந்த சிலவற்றில் பவர் ஸ்டீயரிங்கும் உண்டு.

அப்படியொரு வண்டியை ஆசையாகக் காப்பாற்றி வருகிறீர்கள். நாகர்கோவில் கோட்டாறு கடைத்தெருவில் திருப்பும்போது ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கிறது. உடனே பவர் ஸ்டீயரிங் பம்ப்பைக் கழற்ற வேண்டாம். முதலில் முன் டயர்களில் காற்றைப் பாருங்கள். பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து பவர் ஸ்டீயரிங் எண்ணெய். நுரைத்திருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் மாற்றியே ஆகவேண்டும். திருப்பும்போது கிரீச்சென்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளில் இரும்புக் குழாய்கள் துருவேறிக் கசியும். வயதான ரப்பர் குழாய்கள் இறுகி வெடிக்கும். ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவையுங்கள்; எந்த இடத்தில் சொட்டுகிறது என்பது காலையில் தெரியும். பழுதான குழாயை மாற்றாமல் எண்ணெய் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் பம்ப்பும் பழுதாகலாம்.

எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்ற, முன்சக்கரங்களைத் தூக்கி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கை இரு ஓரங்களுக்கும் மெதுவாகப் பலமுறை திருப்புங்கள். இடையிடையே எண்ணெய் அளவைப் பார்த்து ஊற்றுங்கள். ஓட்டும்போது ஓரத்தில் முழுக்கத் திருப்பிப் பிடித்தபடி வைத்திருக்கக்கூடாது; அந்த நிலையில் அழுத்தம் உச்சத்துக்குப் போய் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறிவிடும்.