ஆறாத வலி: இப்னு ஸீனாவும் இன்றைய மூளை அறிவியலும்

(வண்டலூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் இதயம், சிறுநீரகம் என்றால் எல்லோரும் பதறுகிறோம். "அஞ்சு வருஷமா இடுப்பு வலி, ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேங்கிறாங்க" என்று ஒரு தாய் சொன்னால் வீட்டாரே நம்புவதில்லை. "எல்லாம் மனசுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். நான் டாக்டர் அல்ல. படித்ததைச் சொல்கிறேன்.

இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன் ஃபித் திப்' நூலில் வலியைப் பதினைந்து வகையாகப் பிரித்தார். குத்துவது, துளைப்பது, இழுப்பது, துடிப்பது, மரத்துப்போவது, பாரமாக அழுத்துவது என்று நம் பாட்டிமார் சொல்வது போலவே இருக்கும். உடலில் எங்காவது அறுபட்டால்தான் வலி வரும் என்பது அவருக்கு முந்தைய ஜாலினூஸ் வழி வந்த கருத்து. காயமே இல்லாமல் மிஸாஜ் கெட்டாலும் வலிக்கும் என்றார் இப்னு ஸீனா. வலி தணிய அபின் போன்ற மருந்துகளோடு மெதுவான நடை, இனிய ஓசை, மனம் ஒன்றிச் செய்யும் வேலை ஆகியவற்றையும் எழுதிவைத்தார். சித்த மருத்துவமோ வாத நோய்களை எண்பது என்று எண்ணி, தொக்கணம், ஒற்றடம், வர்மம் என்று சிகிச்சை சொல்கிறது.

இனி இன்றைய அறிவியல். 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர், தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது, வலிச் செய்தியை அது கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்றார்கள். இடித்துக்கொண்ட முழங்காலை உடனே தேய்க்கிறோமே, அந்தத் தொடு உணர்வு கதவைக் கொஞ்சம் சாத்துகிறது. தொக்கணமும் யூனானியின் தல்க்கும் இதம் தருவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். அதற்காக, எல்லாம் நம் நூல்களிலேயே இருக்கிறது என்று மார்தட்ட வேண்டாம். வாதம் வேறு, நரம்பு வேறு.

நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வலிப்பதை ஆராய்ந்தார். கண்ணாடியில் நல்ல கையின் பிம்பத்தைக் காட்டியபோது சிலருக்கு வலி தணிந்தது. கை இல்லை, வலி உண்டு. அந்த வலியைப் பொய் என்று யார் சொல்வது?

மூன்று மாதம் தாண்டிய வலியை நாள்பட்டது என்கிறார்கள். சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் நரம்புகள் கூர்மையாகவே இருந்துவிடுகின்றன. திருடனைக் கண்டு குரைக்க வேண்டிய நாய் பால்காரரைக் கண்டும் குரைப்பது போல. தூக்கமின்மை, கவலை, வீட்டாரின் ஏளனம் எல்லாம் அதைக் கூட்டும். "மனசுதான்" என்ற சொல்லே வலியை வளர்க்கிறது.

மருந்துக் கடையில் தாமாகவே டைக்ளோஃபினாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் நம்மில் பலர். வயிறும் சிறுநீரகமும் கெடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். பெயர்ச்சீட்டு இல்லாத மூட்டுவலிப் பொடி இரண்டே நாளில் அற்புதம் செய்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். முதுகுவலியோடு கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சலோ மெலிவோ இருந்தாலோ எண்ணெய் தடவிக்கொண்டிராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முழங்கால் வலியோடு வெட்கப்பட்டுக்கொண்டு சஜ்தாவில் தவிக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. நாற்காலியில் தொழுபவரை ஏற இறங்கப் பார்க்காதீர்கள்.

தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நமக்கு மின்ரயிலில் மூன்றாவது நிறுத்தம். யூனானிக்கு அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆங்கில மருந்தைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தனியாகப் போகத் தயங்கும் தாய்மார்கள் பெண்கள் பகுதிப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், துணைக்கு ஒருவர் வருவார்.